யார் பெயரில் கோப்பை?

ஓட்டம் பழக்கிய எங்கள் மாஸ்டரைப் பற்றி நல்லதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் பின்னால் சொல்லப்போவதில் பாதி பொய்யாகிவிடும்.

1990களின் தொடக்கம். சோளிங்கர் அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். நான் ஓடி வாங்கிய சான்றிதழ்களில் இன்னும் அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது. கீழே மாஸ்டரின் சாய்ந்த கையெழுத்து.

விடியற்காலையில் மலையடிவாரத்தில் இருக்கும் கொண்டபாளையத்தில் கூடுவோம். யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். இப்போது ரோப் கார் வந்துவிட்டது, 2024 முதல் ஓடுகிறது. அன்றைக்குப் படிதான். மாஸ்டர் எங்களை மலை உச்சிவரை ஓடவிட்டதில்லை. முதல் மண்டபம்வரை வேகமாக ஏறணும், நடந்து இறங்கணும், மறுபடி ஏறணும். குரங்குகள் பையைப் பிடுங்கும் என்பதால் கையில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மலையே கொள்ளாத கூட்டம் வரும். அந்த மாதம் பயிற்சி ஏரிக்கரைக்கு மாறிவிடும். கரை மண் ஈரமாக இருக்கும். கணுக்காலுக்கு அதுதான் நல்லது என்பார்.

நாங்கள் மலையடிவாரத்துக்குப் போகும் அதே நேரத்தில்தான் எங்கள் அம்மாக்கள் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வண்டிக்காக டிபன் டப்பாவோடு ரோட்டோரம் நிற்பார்கள். என் அம்மா அப்பர் தைக்கிற லைனில் இருந்தாள். ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகிற ஷூக்கள். சாயங்காலம் வரும்போது அவள் புடவையில் தோல் வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து வரும். ஊரில் பாதி வீட்டில் அந்த வாசனை இருந்தது. அத்தனை ஷூ தைத்த வீடுகளின் பெண் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடினோம். முதல் ஸ்பைக்ஸை மாஸ்டர்தான் வாங்கி வந்தார். சென்னை பெரியமேட்டில் ஒரு பக்கம் தோல் மண்டி, இன்னொரு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள். அங்கே பேரம் பேசி வாங்கிய ரெண்டு ஜோடியை அளவு பார்த்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். என் கால் சின்னது. முன்பக்கம் பஞ்சு அடைத்து ஓடினேன்.

ஸ்டார்ட்டிங் பிளாக்கை ஊர்த் தச்சரிடம் சொல்லி மாமரப் பலகையில் செய்து வாங்கினார். ட்ராக் போட அவரே சுண்ணாம்பு வாளியோடு குனிந்துகொண்டே போவார். பொம்பளைப் பசங்க அரை டிராயர் போட்டுக்கினு ஓடுறதா என்று சண்டைக்கு வந்த அப்பாக்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம், "உன் பொண்ணு காலு கவர்மெண்டு வேலைப்பா, வீட்ல பூட்டி வெக்காதே" என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. அது நடந்தது. எங்களோடு ஓடியவர்களில் சிலர் போலீஸில் சேர்ந்தார்கள், ஒருத்தி அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறாள், ரெண்டு பேர் உடற்கல்வி ஆசிரியைகள். நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான்.

இன்னொன்றையும் சொல்லணும். மைதானத்தில் ஊர்ப் பெண்கள், காலனிப் பெண்கள் என்ற பிரிவை அவர் விடவே இல்லை. பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரே தூக்கில் வரும். எல்லாரும் ஒரே தூக்கில் கைவிட்டு எடுக்கணும். முகம் சுளித்த ஒரு பெண்ணை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அது சாதாரணக் காரியம் இல்லை.

என் தோழி காலனியிலிருந்து வந்தவள். எங்கள் எல்லாரையும்விட நல்ல ஓட்டக்காரி. 400 மீட்டரில் கடைசி நூறை அவள் ஓடுகிற விதத்தைப் பார்க்க மாஸ்டர் கயிறு கட்டிய இடத்திலிருந்து எழுந்து உள்ளே வந்துவிடுவார். ரிலேயில் அவள் மூன்றாவது, நான் நாலாவது. வளைவிலிருந்து அவள் வருகிற சத்தத்தை வைத்தே நான் கிளம்புவேன், திரும்பிப் பார்த்ததில்லை. பேட்டன் கையில் வந்து விழும். வேலூர் நேதாஜி விளையாட்டரங்கத்தில் நாங்கள் ஜெயித்த அந்த மாவட்டப் போட்டியின் போட்டோவில் அவள் ஓரத்தில் நிற்கிறாள், கழுத்தில் கயிறு முறுக்கிக்கொண்ட பதக்கத்தோடு.

அதற்கடுத்த போட்டிக்கு அவள் வரவில்லை. மைதானத்துக்கும் வரவில்லை. பத்தாவது பரீட்சை எழுதினாளோ இல்லையோ, கொஞ்ச நாளில் அவளையும் கம்பெனி வண்டியில் பார்த்தேன். ஏன் நின்றாள் என்று கேட்டதற்கு, "அவ எவனோடயோ சுத்தறாளாம்" என்ற பதில் மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. வேறொருத்தியை மூன்றாவது இடத்தில் நிறுத்தி, பேட்டன் மாற்றப் பழக்கினார்.

2021 மே மாதக் கடைசி. முழு ஊரடங்கு. சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மேல் முன்னாள் மாணவிகள் சொன்ன பாலியல் புகாரால் தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, நாகராஜன் என்ற தடகளப் பயிற்சியாளர், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதான செய்தியும் வந்தது. பிரைம் ஸ்போர்ட்ஸ் அகாடமி என்ற பெயரில் பயிற்சி கொடுத்துவந்தவர், 59 வயது, பல ஓட்டக்காரிகளை உருவாக்கியவர் என்று பெயர் வாங்கியவர். பிசியோதெரபி செய்கிறேன் என்ற பெயரில் அத்துமீறினார் என்பது புகார். முதலில் ஒரு பெண், அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் இங்கே பேச வந்தது அதன் பிறகு எனக்கு வந்த போனைப் பற்றி.

தோழிதான் பேசினாள். நடுவில் கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொண்டதுதான், போன் பேசுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. டிவி பார்த்தியா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் தைலம் தேய்க்கிறேன்னுதான் கூப்ட்டாரு அந்த அண்ணன்" என்றாள்.

அந்த அண்ணன் மாஸ்டரிடம் ஓடிப் பழகியவர். படிப்பு முடித்துத் திரும்பி வந்து அவருக்கு உதவியாக இருந்தார். ஸ்டாப் வாட்ச் அவர் கையில் இருக்கும். நாங்கள் எல்லாருமே அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போட்டிக்கு முன்னால் வெளியூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துத் தங்கியிருந்தபோது இவளுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போயிருந்தார். அதற்குமேல் அவள் என்னிடம் சொன்னதை நான் எழுதமாட்டேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

மறுநாள் காலையில் மாஸ்டர் வந்ததும் நேரே போய்ச் சொல்லியிருக்கிறாள். இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். காலனியிலிருந்து வந்த ஒரு பெண், அப்பா இல்லாதவள், ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, பெரியவரிடம் போய் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவரும் மாஸ்டர்தான். அந்தக் கொண்டைக்கடலைத் தூக்குதான்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"தலையில கைய வெச்சாரு. நான் பாத்துக்கறேன் பாப்பா, வீட்ல சொல்லாதே, உன் பேருதான் கெடும்னாரு. அழுதாரு கூட."

அவர் பார்த்துக்கொண்டது இப்படி: அந்த அண்ணன் கொஞ்ச நாள் பையன்கள் பக்கம் போனார். பிறகு ஸ்டாப் வாட்ச்சோடு எங்கள் பக்கம் திரும்பி வந்தார். அவர் திரும்பி வந்த நாளில் இவள் நின்றாள். அவளைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கு மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னால் நம்பாதவர்கள் அன்றைக்குச் சோளிங்கரில் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. கல்லூரியில் உடற்கல்வி படித்த எங்களைப் போன்றவர்களுக்கு அது தெரிந்த கதை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோ பட்டெர்னோ என்பவர் 1966 முதல் 46 பருவங்கள் அமெரிக்கக் கால்பந்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 409 வெற்றிகள். பிள்ளைகள் படிப்பை முடித்தே ஆகணும் என்று பிடிவாதம் பிடித்தவர். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தன் பணத்தைக் கொட்டிக் கொடுத்தவர். அவரிடம் நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அறக்கட்டளை ஒன்றை ஆரம்பித்து, அதில் வந்த சிறுவர்களையே சீரழித்தவர். 2001 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்த மைக் மெக்வியரி என்ற இளம் உதவியாளர், விடிந்ததும் பட்டெர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டெர்னோ தன் மேலதிகாரியிடம் சொன்னார். அதோடு விட்டார். போலீஸுக்கு யாரும் போகவில்லை. சாண்டஸ்கி அந்த வளாகத்தில் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்.

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். நாலு நாளில் பட்டெர்னோவைப் பல்கலைக்கழகம் போனிலேயே வேலையிலிருந்து நீக்கியது. மாணவர்கள் தெருவில் இறங்கிக் கலாட்டா செய்தார்கள், ஒரு டிவி வண்டியைக் கவிழ்த்தார்கள். அவர்கள் கோபம் பட்டெர்னோவுக்காக. சீரழிக்கப்பட்ட சிறுவர்களுக்காக இல்லை. 2012 ஜனவரியில் பட்டெர்னோ புற்றுநோயில் இறந்தார். ஜூனில் சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 30 முதல் 60 வருடம் சிறை. பட்டெர்னோவும் மற்ற பெரிய மனிதர்களும் விஷயத்தை மறைத்தார்கள் என்று பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணை சொன்னது. குடும்பத்தார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 22 அன்று மைதானத்துக்கு வெளியே இருந்த அவரது வெண்கலச் சிலையை எடுத்தார்கள். மறுநாள் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 6 கோடி டாலர் அபராதம் போட்டு, 1998 முதல் அவர் பயிற்சியில் அணி பெற்ற 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து அழித்தது. 2015 ஜனவரியில் அந்த வெற்றிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சிலையை எடுத்தது சரி. வெற்றிகளை அழித்தது தப்பு. இது என் தீர்மானமான கருத்து. அந்த 111 ஆட்டங்களில் ஓடி விழுந்து முட்டி தேய்ந்தவர்கள் இளைஞர்கள். அவர்கள் ஜெயித்தது ஜெயித்ததுதான். பயிற்சியாளர் செய்ததற்கு அவர்கள் ஆடி ஜெயித்த சனிக்கிழமைகளை எப்படி அழிக்க முடியும்? அந்த வெற்றிகளை முதலில் பட்டெர்னோவின் கணக்கில் எழுதியதுதான் கோளாறு. சிலை அப்படி இல்லை. "இவரைப் போல இருங்கள்" என்று பிள்ளைகளிடம் ஒரு ஊர் சொல்வதுதான் சிலை. சாண்டஸ்கியிடம் சிக்கிய பையன் ஒருவன் பெரியவனாகி அந்த வழியே போனால், அந்தச் சிலை அவனிடமும் அதையேதான் சொல்லும்.

நம் நாட்டு வழக்கு ஒன்று எனக்கு இன்னும் நெருக்கமானது. நாங்கள் படியேறிக்கொண்டிருந்த அதே காலம். 1990 ஆகஸ்டில் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ருச்சிகா கிர்ஹோத்ரா என்ற 14 வயது டென்னிஸ் மாணவியிடம், மாநில டென்னிஸ் சங்கத் தலைவரான போலீஸ் ஐ.ஜி. எஸ்.பி.எஸ். ராத்தோர் தவறாக நடந்துகொண்டார். புகார் கொடுத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அண்ணன்மேல் கார் திருட்டு வழக்குகள் போட்டார்கள். 1993 டிசம்பரில் அந்தப் பெண் உயிரை விட்டாள். ராத்தோர் பதவி உயர்வு மேல் பதவி உயர்வு வாங்கி மாநிலத்தின் டி.ஜி.பி.யே ஆனார். 2009 டிசம்பரில்தான் தண்டனை வந்தது, அதுவும் ஆறு மாதம். மேல்முறையீட்டில் 18 மாதம் ஆனது. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, ஏற்கெனவே உள்ளே இருந்த காலமே போதும் என்றது. அத்தனை வருடமும் அந்த வழக்கைச் சாகவிடாமல் வைத்திருந்தது ருச்சிகாவோடு டென்னிஸ் ஆடிய தோழி ஆராதனாவும் அவளுடைய பெற்றோரும். நேரில் பார்த்த சாட்சி அவள்தான். நூற்றுக்கணக்கான வாய்தாக்களுக்கு அந்தக் குடும்பம் அலைந்திருக்கிறது. தோழியின் போனை வைத்த ராத்திரி எனக்கு ஆராதனாவின் நினைப்பாகவே இருந்தது.

இது எங்கோ ஒரு மூலையில் ஒரு தடவை நடப்பதும் இல்லை. இந்திய விளையாட்டு ஆணையத்தில் பத்து வருடங்களில் பாலியல் தொல்லை என்று வந்த புகார்கள் 45, அதில் 29 பயிற்சியாளர்கள் மேல் என்று 2020 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கணக்கு அது. புகாராக எழுத்தில் வந்தது மட்டும்தான் 45. என் தோழி மாதிரி வாயால் சொல்லி, தலையில் கை வைக்கப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

மாஸ்டர் காலமானது கொரோனாவுக்குப் பிறகு. நல்ல சாவு. தூக்கத்தில் போனார். ஊரே கடையடைத்தது. முதல் வருட நினைவு நாளுக்கு அவர் பெயரில் மாவட்ட அளவில் பெண்கள் தடகளப் போட்டி, சுழற்கோப்பை, ஒரு நினைவு மலர் என்று பழைய மாணவர்கள் முடிவு செய்தார்கள். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று என்னைத்தான் கேட்டார்கள். "நீதான் எழுதுவ, உன்ன அவரு பொண்ணு மாதிரி வெச்சிருந்தாரு" என்றார்கள். அது உண்மை.

தோழியிடம் கேட்டேன். அவள் ரெண்டு நாள் கழித்துப் பதில் சொன்னாள். "என் பேரு போடாதே. மத்தபடி எழுது. அவரு நல்லவருதான்னும் எழுது. அதையும் போடலன்னா யாரும் நம்பமாட்டாங்க."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. பெயர், அடையாளம் எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மாஸ்டர் கை வைக்கலையே என்றார் ஒருவர். இல்லை, வைக்கவில்லை. ஆனால் கை வைத்தவன் யார் என்று தெரிந்து, அவன் கையில் மறுபடி ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்தவர் அவர். அந்தக் காலம் அப்படி, அப்போ போக்சோ ஏது என்றார் இன்னொருவர். போக்சோ 2012 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, சரி. இன்றைக்கு என்றால் அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸிடம் சொல்லியாகணும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, நிறுவனத்தை நடத்துகிறவர் என்றால் ஒரு வருடம்வரை. மாஸ்டர் சொன்ன அந்த "நான் பாத்துக்கறேன்", இன்று தனிக் குற்றம். ஆனால் சட்டம் இல்லாத காலத்தில் அந்தப் பெண்ணுக்கு வலிக்காமலா இருந்தது? அரை டிராயர் விஷயத்திலும் அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது. கடலைத் தூக்கு விஷயத்திலும் அந்தக் காலம் அப்படித்தான். அங்கெல்லாம் காலத்தோடு சண்டை போட்டார் மனிதர். அதனால்தான் அவர் பெரியவர். சண்டை போடத் தெரிந்தவர் இதில் மட்டும் போடவில்லை. மைதானத்தைக் காப்பாற்றினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். விஷயம் வெளியே போனால் எந்த அப்பாவும் பெண்ணை அனுப்பமாட்டான், எல்லாம் போய்விடும் என்று பயந்திருப்பார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நாங்கள் எல்லாரும் தொடர்ந்து ஓடியதற்கான விலையை அவர் ஒருத்தியிடம் மட்டும் வாங்கினார், அதுவும் அவளைக் கேட்காமல்.

"நாம இத்தனை பேரு நல்லாருக்கமே, அதுக்குக் கணக்கு இல்லியா?" என்று கேட்டவள் ரயில்வேயில் இருக்கிறவள். எனக்கு ரொம்ப வேண்டியவள். கண்ணில் தண்ணீரோடுதான் கேட்டாள். கணக்கு இருக்கிறது. ஆனால் அது எப்படிப்பட்ட கணக்கு என்பதில்தான் நாம் காலகாலமாகத் தப்பு செய்கிறோம். ஒரு மாஸ்டரைப் பற்றிப் பேசும்போது அவரிடம் தேறி வந்தவர்களைத்தான் எண்ணுகிறோம். எத்தனை பதக்கம், எத்தனை பேருக்கு வேலை. நடுவில் நின்றுபோனவர்களை யாரும் எண்ணுவதில்லை. நின்றவள் மேடைக்கு வரமாட்டாள், மலரில் எழுதமாட்டாள், அஞ்சலிக் கூட்டத்தில் அழமாட்டாள். தேறியவர்கள் மட்டும் சாட்சி சொன்னால் உலகத்தில் எல்லா மாஸ்டரும் தெய்வம்தான்.

அவள் ஓடியிருந்தால் எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் எல்லாரையும்விட வேகமானவள் என்பதை மாஸ்டரே எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குக் கிடைத்த போலீஸ் வேலையும் ரயில்வே வேலையும் அவளுக்குக் கிடைத்திருக்காதா? இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மெஷினில் உட்கார்ந்து அவளுக்கு முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது. இப்போது பெல்ட் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.

என் பதக்கங்கள் எனக்கு அழுக்காகத் தெரியவில்லை. அவற்றை நான் ஓடி வாங்கினேன். மாஸ்டர் எனக்குச் செய்த நல்லதையும் யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. அவர் படத்தை வீட்டில் வைத்திருக்கிறேன், எடுக்கப்போவதில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ள கடன். கோப்பை அப்படி இல்லை. கோப்பையில் ஒரு பெயரைப் பொறித்து, பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண்கள் கையில் கொடுக்கும்போது, ஏதாவது நடந்தால் இவரைப் போன்றவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நாம் சொல்கிறோம். அதை என்னால் சொல்ல முடியாது. ஒருத்தி போய்ச் சொன்னாள்.

கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாஸ்டர் பெயரே இருக்கட்டும் என்றவர்கள்தான் அதிகம். என் பக்கம் கை தூக்கியவர்களும் இருந்தார்கள். அதில் ரெண்டு பேர் மண்டபத்து வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்களுக்குத் தெரிந்த வேறு விஷயங்களைச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி அந்த அண்ணனைப் பற்றிச் சொன்னாள். என் தோழி நின்ற பிறகு நடந்தது அது. மாஸ்டர் அன்றைக்கே வாய் திறந்திருந்தால் நடந்திருக்காது.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரை இதுதான், சில வரிகள் மட்டும் சேர்த்திருக்கிறேன். அவர்கள் போடவில்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் வைத்த கோரிக்கைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கோப்பைக்கு நம் மலையின் பெயரை வையுங்கள். மைதானத்துச் சுவரில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணையும் பெயிண்டில் எழுதுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியை போகட்டும். தசை பிடித்தால் தைலம் தேய்ப்பது அவர் வேலையாகவோ கூட ஓடுகிற பெண்ணின் வேலையாகவோ இருக்கட்டும்.

சோளிங்கரிலோ வாலாஜாவிலோ ஆம்பூரிலோ, எங்கேயோ ஒரு மைதானத்தில் பள்ளி நாளில் ஓடியிருப்பீர்கள் என்றால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் குழு போட்டோவை எடுத்துப் பாருங்கள். அடுத்த வருடப் போட்டோவில் இல்லாத பெண் யார்? அவள் ஏன் வராமல் போனாள் என்று உங்களிடம் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அவள் நம்பரைத் தேடி வாங்கி, அவளிடமே கேளுங்கள்.